நிறைஞ்சிருக்கு என்று நான் சொன்ன சனிக்கிழமைகள்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஊர் வாய்க்கால் குடமுருட்டி ஆற்றில் பிரிகிறது என்று எழுதிவிட்டேன். வெட்டாற்றில்தான் பிரிகிறது என்று பக்கத்துத் தெரு சேவியர் அண்ணன் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அறுபது வருஷம் அந்தத் தண்ணீரில் துணி துவைத்தவளுக்கே மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வந்து விழுகிறது. வரி கோணலாகப் போகிறது. பத்திரிகை ஆசிரியர் ஐயாதான் ஒவ்வொரு வாரமும் நிமிர்த்திப் போடுகிறார். இந்த வாரம் எழுதப்போவது வேறு யாருக்கும் மறக்கலாம். எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதா கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் சமுதாயக் கூடம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு பிற்பகல். மின்விசிறி டக் டக் என்று ஒரு பக்கமாகத் தலையாட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஊதா நாற்காலிகளில் எங்கள் குழுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் கையில் காகிதக் கோப்பையில் தேநீர், இன்னொரு கையில் ஒரு பட்டர் பிஸ்கட்.

முன்னால் நின்று கல்லூரி சார் ஒரு அறிக்கையை வாசிக்கிறார்.

"கடை தினமும் திறக்கப்பட்டது. விற்பனையாளர் ஒருநாள்கூடத் தவறவில்லை. சரக்கு எப்போதும் நிறைந்திருந்தது."

பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடியே இருந்தேன். அது உடைந்து உள்ளே விழுந்து அடியில் போய்விட்டது.

விற்பனையாளர் என்று அவர் வாசித்தது என்னை. அந்தக் கடைசி வரி, என் வாயிலிருந்து போனது.

கஞ்சி நொய்

செல்வி யார் என்று சொல்ல வேண்டும். என் ஓரகத்தியின் மருமகள். என்னைப் பெரியம்மா என்பாள். பி.காம். படித்தவள். எங்கள் குழுவில் இருபது பெண்கள் சின்னச் சின்னத் துண்டு நிலத்தில் பூங்கார் போடுகிறோம். சிவந்த அரிசி வருகிற பழைய நெல் அது. பிள்ளை பெற்றவளுக்கு அந்த நொய்யில் கஞ்சி வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

நெல்லாகவே வியாபாரிக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். செல்விதான் மாற்றிச் சொன்னாள்.

"பெரியாஸ்பத்திரியில புள்ள பெத்துட்டு வீட்டுக்குப் போறவங்க எங்க பஸ் ஏறுறாங்க? அந்த ஸ்டாப்புல ஒரு சின்னக் கடை. கஞ்சி நொய் ஒரு கிலோ பாக்கெட். வீட்டுக்குப் போன உடனே அடுப்புல ஏத்தணும். அவங்களுக்கு அன்னிக்கே வேணும், நம்மகிட்ட அதுதான் இருக்கு."

இதைத்தான் திட்டம் என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தாள். நான் படித்துப் பார்க்கவில்லை. கேட்டபோதே எனக்கு மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது.

கடையில் உட்கார ஆள் வேண்டும் என்றபோது லூர்துமேரி, அவள்தான் குழுத் தலைவி, யாரைப் போடலாம் என்று சுற்றிப் பார்த்தாள். செல்வி என்னைக் காட்டினாள்.

"பெரியம்மாவ உக்காரவைங்க. அவங்க மூஞ்சியப் பாத்தாலே கஞ்சி குடிக்கணும்போல இருக்கும்."

"ஏன்டி, காய்ச்சக்காரி மூஞ்சின்னு சொல்றியா?" என்றாள் லூர்துமேரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் எல்லா வினையும் அதில்தான்.

காலையில் மகளிர் பஸ்ஸில் தஞ்சாவூர் போவேன். கடை என்றால் பெட்டி மாதிரி ஒன்று. இரண்டு தட்டு. மேல்தட்டில் பூங்கார் நொய், கீழ்த்தட்டில் சம்பா அவல். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து மருந்து வாசனை வரும். கையில் பிளாஸ்க், சுருட்டிய பாய், தலையணை, துண்டில் சுற்றிய பச்சைப் பிள்ளை என்று ஜனங்கள் வந்து நிற்பார்கள். பிள்ளை பெற்றவளை நிழலில் உட்கார வைத்துவிட்டு அவள் தாயார் என்னிடம் வருவார்.

"நொய் நல்லா கொழையுமா?"

"நாலு விசில் விட்டா போதுங்க."

அவ்வளவுதான் பேச்சு. வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். முதல் நாலு மாதம் மேல்தட்டு வெள்ளிக்கிழமைக்கே துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிடும்.

அம்மா அடித்த அடி

இங்கே கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எனக்கு ஏழோ எட்டோ வயது. ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷம். வீட்டுக்கு ஞானத்தந்தை வந்திருந்தார், என் அண்ணனுக்கு ஞானஸ்நானத்தில் தொட்டவர். அம்மா அடுக்களையிலிருந்து, பானையில் அரிசி எவ்வளவு இருக்கிறது பார் என்றாள். நான் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே எதிரொலிக்கிற மாதிரி கத்தினேன்.

"அரிசி இல்லம்மா!"

அகப்பைக் காம்பு என் முழங்கையில் விழுந்தது. அந்த இடம் இன்றைக்கும் மார்கழியில் வலிக்கும். விருந்தாளி காதில் விழுந்ததற்கான அடி என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் போனபிறகு அம்மா என் கையைப் பிடித்துப் பானை விளிம்பில் வைத்தாள்.

"அரிசியப் பாத்து இல்லன்னு சொல்லக் கூடாது. நிறைஞ்சிருக்குன்னு சொல்லணும். இல்லன்னு சொன்னா அது கேட்டுக்கும்."

பிறகு காலிப் பானையின்மேல் கட்டை விரலால் சிலுவை போட்டாள். அன்றைக்கு ராத்திரி நாங்கள் பனங்கிழங்கு தின்றோம்.

எங்கள் பக்கம் இது வீட்டுக்கு வீடு உண்டு. விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், அமர்த்து என்போம். அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு. இந்துக்கள், வேதக்காரர்கள் என்ற பேதமே இதில் கிடையாது. என் வீட்டுக்காரர் இருந்தபோது, "நிறைஞ்சிருக்குங்க" என்று நான் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். போகிறபோது சும்மா போக மாட்டார்.

"உங்கப்பன் வீட்டுல எல்லாமே நிறைஞ்சுதான இருந்துச்சு. அதான் அவசர அவசரமா ஒன்ன எனக்குக் கட்டிவச்சாங்க."

அந்த அடிக்குப் பிறகு அரிசியைப் பார்த்து அந்த வார்த்தையை நான் சொன்னதே கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி நடுவில் சோறு தீர்ந்தபோதுகூட, நிறைஞ்சிருக்கு என்றுதான் சமையல்காரர் காதில் போய்ச் சொன்னேன். அவர் உடனே அடுத்த உலையை ஏற்றினார். நம் ஜனங்களுக்கு அது ஒரு நொடியில் விளங்கும்.

வசந்தா போய் நிவேதா வந்தாள்

எங்கள் மாதிரிக் குழுக்களுக்கெல்லாம் மேலே ஒரு கூட்டமைப்பு. அதன் அலுவலகமும் கிடங்கும் தஞ்சாவூரில். நெல்லை அரைத்துப் பாக்கெட் போடுவது அங்கேதான். சனிக்கிழமை தோறும் அங்கிருந்து எனக்குப் போன் வரும். என்ன தீர்ந்தது என்று கேட்டு, திங்கட்கிழமை ஆட்டோவில் அனுப்புவார்கள்.

முதலில் போன் செய்தது வசந்தா. மன்னார்குடிப் பக்கத்துப் பெண். என்னை அத்தை என்பாள்.

"அத்தை, நொய் எப்படி?"

"நிறைஞ்சிருக்கு வசந்தா."

"ஆகா, நிறைஞ்சிருச்சா! அப்ப நாப்பது பாக்கெட் ஏத்திவிடறேன். மாமியார்கிட்டப் பேசுற மாதிரி மெதுவாப் பேசாதீங்க அத்தை, பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

வசந்தா கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு நிவேதா வந்தாள். சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். தங்கமான குணம். போன் எடுத்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் பேச மாட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதைப் படிக்கிறவர்களும் அவளைக் குறை சொல்லக் கூடாது.

"ஆன்ட்டி, பூங்கார் நொய் ஸ்டாக் எப்படி இருக்கு?"

"நிறைஞ்சிருக்கும்மா."

"ஓகே ஆன்ட்டி. அவல்?"

"அவல் பத்து பாக்கெட் கெடக்கு."

"சரி ஆன்ட்டி, நோட் பண்ணிக்கிட்டேன். வெயில்ல அலையாதீங்க."

திங்கட்கிழமை ஆட்டோ வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே பேச்சு. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு நானே கேட்டேன்.

"ஏம்மா, அங்க குடோன்ல நொய் எப்படி?"

"இங்கயும் நிறைஞ்சுதான் இருக்கு ஆன்ட்டி. என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள். குரல் சோர்ந்திருந்தது.

 கிடங்கிலும் அரிசி தீர்ந்துவிட்டது, பாவம், அதை அந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறது என்று நினைத்தேன். சென்னைப் பெண்ணாக இருந்தாலும் முறை தெரிந்த வீட்டுப் பிள்ளை என்றுகூட மெச்சிக்கொண்டேன். நெல் வரவில்லை போலிருக்கிறது, அவளைப் போட்டு நச்சரிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பதினோரு சனிக்கிழமை.

மூன்று தடவை வந்தவர்

அந்த நாட்களில் அவல் பாக்கெட்டுகளோடு உட்கார்ந்திருப்பேன். ஜனங்கள் வருவார்கள். மேல்தட்டைப் பார்ப்பார்கள். "நிறைஞ்சிருக்குங்க, திங்கக்கெழம பாக்கலாம்" என்பேன். அவர்களுக்கு விளங்கும். தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறுவார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. மனைவிக்கு வெளியே ரூம் எடுத்துத் தங்கவைத்திருந்தார். நொய் கேட்டு வந்தார். திங்கட்கிழமை என்றேன். திங்கட்கிழமை வந்தார். அடுத்த திங்கள் என்றேன். வந்தார். மூன்றாவது தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க பாட்டுக்கு நிறைஞ்சிருக்கு நிறைஞ்சிருக்குங்கறீங்க. வயிறு நிறையணும்ல?"

அவல் ஒரு பாக்கெட்டைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாங்காமல் போய்விட்டார். பிறகு அவர் சாலையின் அந்தப் பக்கமாகவே நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

செல்வி அப்போது எங்கே என்று கேட்பீர்கள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். அலுவலகத்திலிருந்து அவளுக்குச் செய்தி போகும், நொய் அப்படியே நிற்கிறது என்று. அவள் எனக்குப் போன் செய்வாள்.

"பெரியம்மா, உண்மையச் சொல்லுங்க. நொய் போகுதா?"

"அதுக்கென்னம்மா. வர்றவங்கெல்லாம் அதைத்தான் கேக்குறாங்க. நீ காலப் பாரு."

நான் சொன்னது சத்தியம். அவள் அதை நம்பவில்லை. படுத்துக் கிடப்பவளுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். நெல் வரவில்லையா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். கால் முறிந்து கிடப்பவளிடம் அதையெல்லாம் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஆனதும் கூட்டமைப்பில் கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். மிச்ச அவலைப் பையில் போட்டுக்கொண்டு நானே பூட்டினேன், தட்டை வந்து பார்க்க யாரும் வரவில்லை.

குடை

பூட்டியபிறகுதான் கல்லூரி சார் வந்தார். கடையைத் திரும்பத் திறக்கலாமா, கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இதே மாதிரி போடலாமா, இல்லை அடியோடு விட்டுவிடலாமா என்று பார்த்துச் சொல்ல அவரை அனுப்பியிருந்தார்கள். டெல்லியில் வளர்ந்தவராம். தமிழ் சுத்தமாகப் பேசினார், புத்தகத்தை வாசிக்கிற மாதிரி.

என் வீட்டுக்கே வந்து, நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தார். மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டார். நான் கதவை ஒட்டி நின்றேன்.

"அம்மா, எனக்கு இரண்டு கேள்விகள்தான். இந்தத் திட்டம் இந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்பது ஒன்று. பொருந்துகிற திட்டத்தை ஒழுங்காகச் செய்தார்களா என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். அவர் என் வீட்டு ஆணியில் தொங்கிய குடையைக் காட்டினார்.

"மழையே பெய்யாத ஊரில் குடை விற்பது ஒரு தவறு. மழை பெய்கிற ஊரில் ஓட்டைக் குடை விற்பது வேறு தவறு. முதல் தவறு என்றால் கடையை மூட வேண்டும். இரண்டாவது என்றால் குடையை மாற்றினால் போதும்."

எவ்வளவு அழகாகச் சொன்னார். நான் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கேட்டார். தினமும் கடை திறந்தீர்களா? திறந்தேன். வாடிக்கையாளர்களிடம் மரியாதையாகப் பேசினீர்களா? பேசினேன். நொய் எப்போதாவது தட்டுப்பாடு ஆனதா?

 அம்மாவின் அகப்பைக் காம்பு தெரிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. வாய் தன் பழக்கத்துக்குச் சொன்னது.

"நிறைஞ்சுதாங்க இருந்துச்சு."

டக் டக் என்று தட்டிக்கொண்டார். கண்ணாடி டம்ளரில் மோர் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர். அவரையும் குறை சொல்லாதீர்கள்.

சால்வை

திரும்பக் கூடத்துக்கே வருகிறேன். பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்த இடத்துக்கு.

சார் மேலே வாசித்தார். "கடையில் சரக்கு எப்போதும் நிறைந்திருந்தது. கிடங்கிலும் மூட்டை மூட்டையாகத் தேங்கி, வண்டு பிடித்தது."

வண்டு பிடித்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிவேதா சொன்ன நிறைஞ்சிருக்கு நிஜமாகவே நிறைந்த நிறைஞ்சிருக்கு. நான் இங்கே காலித் தட்டோடு உட்கார்ந்திருக்க, அங்கே எங்கள் இருபது பேர் நெல்லும் பாக்கெட்டுக்குள் புழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி மூன்று மாதத்தை ஓட்டியிருக்கிறோம்.

"எனவே செயல்படுத்திய விதத்தில் குறை காணப்படவில்லை. முதலில் புதுமைக்காக வாங்கியவர்கள் பிறகு வாங்கவில்லை. இந்தத் திட்டம் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை" என்று சார் முடித்தார்.

மழை ஊர். நல்ல குடை. குடைக்காரி ஒருத்திதான் கோளாறு. அதை அந்தக் கூடத்தில் நான் ஒருத்தி மட்டும் அறிந்திருந்தேன்.

எல்லோரும் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேச்சைக் கேட்டுத்தானே பூங்கார் போட்டோம் என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். "படிச்ச மேதாவி" என்றாள் இன்னொருத்தி. செல்வி காதில் விழுந்தது. குனிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த காலைத் தடவிக்கொண்டாள்.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாதா சத்தியமாக நினைத்தேன்.  அதற்குள் லூர்துமேரி மைக்கை வாங்கிவிட்டாள்.

"திட்டம் போனாப் போவுது. நம்ம பக்கம் ஒரு கொறையும் இல்லன்னு சாரே சொல்லிட்டாரு. அதுக்குக் காரணம் நம்ம அருளக்கா. ஒருநாள் லீவு போட்டதில்ல. அக்கா, மேல வாங்க."

எனக்குச் சால்வை போட்டார்கள். ஊதா நிறம், ஓரத்தில் ஜரிகை. போர்த்தும்போது பெட்டிக்குள் இருந்த பாச்சை உருண்டை வாசனை அடித்தது. கைதட்டினார்கள். செல்வியும் கைதட்டினாள். அவள் கைதட்டிய சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று லூர்துமேரி மைக்கை என் வாயருகே நீட்டினாள்.

இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது. அரிசி இல்லை. அவ்வளவுதான்.

"நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வெளியே செருப்பைத் தேடும்போது செல்வி நொண்டிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"பெரியம்மா, தப்பு என் திட்டத்துலதான். உங்களால ஒண்ணும் கெடலைல்ல, அது போதும் எனக்கு."

அந்தச் சால்வையை நான் ஒருநாளும் போர்த்தவில்லை. தகரப்பெட்டியில் அடியில் கிடக்கிறது. வேறு துணி எடுக்கும்போது அது கையில் பட்டால் பெட்டியை மூடிவிடுவேன்.

இப்போது எதற்கு

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இத என்கிட்ட சொல்லி என்னம்மா, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றார். சரிங்க சாமி என்றேன். செல்வி வீட்டு வாசல்வரை நாலு தடவை போயிருக்கிறேன். ஒருதடவை கறிவேப்பிலை கேட்டுவிட்டு வந்தேன். ஒருதடவை மிக்சி ஜார். மற்ற இரண்டு தடவையும் என்ன கேட்டேன் என்று மறந்துவிட்டது. என் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் நிற்பது அவளுக்குத் தெரியும். என்ன நினைத்தாளோ.

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பூங்கார் போடுகிறவர்கள் இருபதிலிருந்து ஆறு பேர் ஆகிவிட்டோம். மற்றவர்கள் பழையபடி வியாபாரிக்கே போடுகிறார்கள். செல்வி ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். மழை வந்தால் அந்தக் கால் வீங்கும்.

போன மாதம் அவள் மறுபடியும் குழுவுக்கு ஒரு தாள் கொண்டுவந்தாள். அதே ஸ்டாப், அதே கஞ்சி நொய்.

லூர்துமேரி தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு தடவ பட்டது போதாதா? அரிசி நிறைஞ்சு கெடந்து வண்டு புடிச்சத சாரே எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. ஃபைல் பீரோவுல பத்திரமா இருக்கு" என்றாள்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் பேசவில்லை.

மாதா தேர் முடிந்ததும் கூடி முடிவு செய்வதாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்த ஃபைலை வெளியே எடுப்பார்கள். அந்த வரியை வாசிப்பார்கள். செல்வி மறுபடியும் குனிந்து காலைத் தடவிக்கொள்வாள். எனக்கு நாலு பேர் முன்னால் எழுந்து பேச வராது, எழுபது வயதுக்கு மேல் வரப்போவதும் இல்லை. எங்கள் ஊரில் இந்தப் பத்திரிகை பதினைந்து வீட்டுக்கு வருகிறது. லூர்துமேரி வீட்டுக்கும் வருகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். என் ஞாபகத்தை நம்ப வேண்டாம், வாய்க்கால் விஷயத்தில் பார்த்தீர்களே. நிவேதாவிடம் கேளுங்கள், நான் என்ன வார்த்தை சொன்னேன் என்று. பதினோரு சனிக்கிழமையா பன்னிரண்டா என்று அவள் நோட்டில் பாருங்கள். அத்தனை வாரத்தில் ஒரு நொய் பாக்கெட்டாவது ஆட்டோவில் ஏறியதா என்று பாருங்கள். பட்டுக்கோட்டைப் பக்கம், குறைமாதப் பிள்ளையின் தகப்பனார் இதைப் படித்தால் அவரும் சொல்லட்டும். கல்லூரி சாருக்கு யாராவது தெரியப்படுத்துங்கள், இரண்டாவது கேள்விக்கு அவருக்குத் தப்பான பதில் கிடைத்தது, அதனால் முதல் கேள்விக்கும் தப்பாகப் போய்விட்டது என்று.

ஆசிரியர் ஐயா என் எழுத்துப் பிழைகளை எப்போதும் போலத் திருத்தட்டும். கீழே உள்ள வரியை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிட வேண்டும். இதை எழுதுவதற்கு முன்னால் அடுக்களைக்குப் போய் அரிசிப் பானைமேல் தட்டைப் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

கடையில் நொய் இல்லை. ஒரு பாக்கெட்கூட இல்லை.